பாடம் வருகிறது, திருத்துவது யார்?

(மைசூரு கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"பள்ளிக்கூடங்களில் டிஜிட்டல் சாதனங்கள்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆனாலும் நான் பேச ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் கல்வி உதவி நிதியிலிருந்து வசதியில்லாத இருபத்தைந்து மாணவர்களுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்கலாமா என்பது அது. அந்த நிதியில் சென்னை, மும்பை, நாக்பூர், டில்லி என்று பல ஊர் அங்கத்தினர்களின் பென்ஷன் பணமும் இருக்கிறது. ஆகவே இது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதனம் பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். குழந்தை எங்கே தப்புச் செய்கிறது, ஏன் செய்கிறது என்று பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை ஏற்பாடு செய்யாமல் சாதனத்தை மட்டும் வாங்கக் கூடாது.

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. கேசட் வந்த காலத்தில், ஸஹஸ்ரநாமமும் கீர்த்தனையும் கேசட்டைப் போட்டே கற்றுக்கொள்ளலாம் என்று நம் வீடுகளில் ஆசைப்பட்டோம். தினமும் கேட்டவர்களுக்குப் பாடம் மனப்பாடம் ஆயிற்று என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு பதத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டவர் பத்து வருஷமாக அதே தப்பைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். கேசட் தன்பாட்டுக்குச் சரியாகச் சொல்லும். இவர் சொல்வதை அது கேட்காது. பாடசாலையில் குரு ஒரு முறை சொல்ல, சிஷ்யன் இரண்டு முறை திருப்பிச் சொல்லுகிறான். அந்த இரண்டு முறையும் குருவின் காது அவன் வாயிலேயே இருக்கிறது. ஸ்வரம் தப்பினால் அங்கேயே நிறுத்துகிறார். கற்பித்தல் நடப்பது அந்த நிறுத்துகிற இடத்தில்தான்.

கேசட்டுக்கு முன்னால் ரேடியோ. அந்த விஷயத்தில் நம் மைசூருக்குப் பெருமை உண்டு. மஹாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் வீட்டிலேயே ஒரு சிறிய வானொலி நிலையம் வைத்து நடத்தினார். "ஆகாசவாணி" என்ற பெயர் அந்த நிலையத்துக்கு வைத்த பெயர். பிறகு தேசம் முழுவதற்கும் அதுவே ஆயிற்று. ஒரு பேராசிரியரின் குரல் கல்லூரிச் சுவரைத் தாண்டி வீடுகளுக்குப் போனதை அன்று இந்த ஊர் ஆச்சரியமாகப் பார்த்திருக்கும். அன்று முதல் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு புதுச் சாதனம் வருகிறது. "இனிமேல் பள்ளிக்கூடமே மாறிவிடும்" என்ற பேச்சும் கூடவே வருகிறது.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை "ஸைட்" என்ற பரிசோதனை நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடனாக வாங்கி, கர்நாடகம் உள்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ டெலிவிஷன் காட்டியது. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. விடுமுறை நாட்களில் ஏறக்குறைய 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதே டெலிவிஷன் மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். டி.வி. மட்டும் போதாது என்று ரேடியோ, அச்சிட்ட கையேடு, செய்து பார்க்கும் சோதனைகள், ஒவ்வோர் இடத்திலும் கூட இருந்து வழிகாட்ட ஓர் ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்து அமைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்பே இந்த விவேகம் நம் தேசத்தில் இருந்தது.

அடுத்தது நம் பக்கத்து வீட்டுக் கதை. 2004 செப்டம்பர் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து "எடுஸாட்" கிளம்பிற்று. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. ஆரம்பப் பள்ளிகளுக்கான முன்னோடித் திட்டம் சாமராஜநகர் மாவட்டத்துக்குக் கிடைத்தது. 1997 வரை மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பிரதேசம் அது. மலையும் காடும் நிறைந்தது. அங்கே 885 பள்ளிகளில் கூரை மேல் டிஷ், வகுப்பில் டெலிவிஷன் வைத்துக் கன்னடத்தில் பாடங்களை ஒளிபரப்பினார்கள். நல்ல ஆசிரியர் ஒருவரின் பாடம் காட்டோரத்துப் பள்ளிக்கும் நகரத்துப் பள்ளிக்கும் ஒரே மாதிரி கிடைக்கும் என்பது உயர்ந்த எண்ணம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தப் பள்ளிகளில் வைத்தவை வாங்குகிற கருவிகள் மட்டுமே. பாடம் கீழே வரும். குழந்தையின் சந்தேகம் மேலே போகாது. ஒளிபரப்பு முடிந்ததும் கை தூக்குகிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். அவர் தயாராக இருந்த பள்ளியில் அந்த அரை மணி பலன் தந்திருக்கும். அவர் தயாராக இல்லாவிட்டால் டெலிவிஷன் அணைந்ததோடு பாடமும் அணைந்தது. 2010இல் அந்தச் செயற்கைக்கோளின் ஆயுளும் முடிந்தது. எடுஸாட் திட்டத்தை நாடு முழுவதற்குமாகத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், பல இடங்களில் கருவிகள் வேலை செய்யாமல் கிடந்ததையும், போதிய பாடங்கள் தயாரிக்கப்படாததையும் பிறகு எடுத்துக் காட்டினார். வானத்தில் அனுப்புவது கஷ்டமான காரியம். அதை நம் விஞ்ஞானிகள் சரியாகச் செய்தார்கள். வகுப்பறையில் அன்றாடம் பார்த்துக்கொள்வது சின்ன காரியம், அது நடக்கவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இரண்டு அண்டை மாநிலங்களைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு வாக்கில் கர்நாடகத்தில் "மாஹிதி ஸிந்து" என்ற திட்டம் ஆயிரம் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கூடம் கொடுத்தது. நடத்தும் பொறுப்பு தனியார் கம்பெனிகளுக்கு. கம்ப்யூட்டர் சொல்லித்தர அவர்களே ஆள் வைத்தார்கள். கணக்கு வாத்தியாரும் ஸயன்ஸ் டீச்சரும் பெரும்பாலும் அந்தக் கூடத்துக்கு வெளியிலேயே நின்றார்கள். அதே காலத்தில் கேரளத்தில் "ஐ.டி. அட் ஸ்கூல்" தொடங்கிற்று. அங்கே பள்ளியின் சொந்த ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, இலவச மென்பொருளைக் கையாளவும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளவும் பழக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனியின் ஆள் போய்விடுவார். பழகிய ஆசிரியர் பள்ளியிலேயே இருப்பார். கேரளத் திட்டம் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் வேரூன்றி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது கொரோனா காலத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அந்த ஆகஸ்டில் கர்நாடக அரசு "வித்யாகமா" என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: போனே இல்லாத வீடு, சாதாரணப் போன் உள்ள வீடு, இன்டர்நெட்டோடு ஸ்மார்ட்போன் உள்ள வீடு. கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் ஆசிரியர்களே போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். நோய் பரவும் பயத்தால் அக்டோபரில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் முதலில் "யாரிடம் என்ன இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டு பிறகு பாடத்தை யோசித்தார்களே, அந்த முறை சரி.

வீட்டில் போன் இருப்பது வேறு, குழந்தை கையில் போன் இருப்பது வேறு. "ஏசர்" என்ற அமைப்பு கிராமப்புறங்களில் 2021இல் எடுத்த கணக்குப்படி, பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படிப் போன் உள்ள வீடுகளிலும் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடுகிறது.

எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் பெண், அப்போது ஆறாம் வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு அப்பா வந்த பிறகுதான் அவளுக்குப் போன். பள்ளியிலிருந்து வந்த வீடியோவைப் பார்த்து நோட்டில் அழகாக எழுதிவிடுவாள். ஒரு நாள் எங்கள் வீட்டு வராந்தாவில் தள்ளி உட்கார்ந்துகொண்டு நோட்டைக் காட்டினாள். வீடியோவில் வந்த கணக்கெல்லாம் சரி. தானாகப் போட்ட கணக்கில், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருக்கிறாள். இப்படி ஒன்பது கணக்கு. போனில் இருந்த பயிற்சிச் செயலி ஒன்பதுக்கும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருந்தது. ஏன் தப்பு என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் கேட்டேன்: "அரை தோசை சாப்பிட்டாய். அப்புறம் இன்னொரு மூன்றில் ஒரு பங்கும் சாப்பிட்டாய். மொத்தம் அரை தோசையை விடக் கூடவா, குறைச்சலா?" "கூடத்தான்" என்றாள். "ஐந்தில் இரண்டு என்பது அரையை விடக் கூடவா, குறைச்சலா?" சற்று யோசித்தாள். பிறகு, "சாப்பிடச் சாப்பிட எப்படித் தாத்தா குறையும்?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஆறாகப் பங்கு போட்டு, மூன்று பங்கும் இரண்டு பங்கும் சேர்ந்து ஆறில் ஐந்து என்று காட்டப் பத்து நிமிஷம் பிடித்தது. ஒன்பது கணக்கையும் அவளே திருத்தினாள். அந்த வீடியோவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

"ஸார் பழைய காலத்து மனிதர், சாதனமே வேண்டாம் என்கிறார்" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 பாகை என்பதைக் கரும்பலகையில் ஒரு முக்கோணத்துக்குத்தான் காட்ட முடியும். "ஜியோஜீப்ரா" என்ற இலவச மென்பொருளில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நூறு முக்கோணம் மாறும், கூட்டுத்தொகை மாறாது. அந்த வியப்பைப் பிள்ளைகள் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன். கண் பார்வையில்லாத மாணவனுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் பெரிய வரப்பிரசாதம். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் தமிழ் படிக்க, 2001 முதல் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் லகர, ளகர, ழகரத்தைக் குழந்தை குழப்பினால் காதில் வாங்கித் திருத்த வீட்டில் ஒரு பாட்டி வேண்டும்.

ஆராய்ச்சிகளும் இதையேதான் சொல்லுகின்றன. மூன்றை மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது, பெரு நாடு. கிராமப்புறத்தில் 319 ஆரம்பப் பள்ளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். லாப்டாப் கொடுத்த பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 0.12 என்றிருந்த கம்ப்யூட்டர் விகிதம் 1.18 ஆயிற்று. அதாவது ஆளுக்கு ஒன்றுக்கு மேல். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை.

இரண்டாவது, நம் டில்லி. 2015இல் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள், "மைண்ட்ஸ்பார்க்" என்ற மென்பொருளை வைத்து நடந்த மாலை நேர மையங்களை ஆராய்ந்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. காரணம் என்ன? அந்த மென்பொருள் வகுப்பைப் பார்க்காமல் குழந்தையின் நிலையைப் பார்த்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்றால் அங்கிருந்தே ஆரம்பித்தது. இன்னொன்றும் கவனியுங்கள். தினம் 90 நிமிஷத்தில் பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் சிறு குழுவாக உதவியாசிரியரோடு. ஆள் அங்கேயும் இருந்தார்.

மூன்றாவது, ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா. கொரோனாவில் பள்ளி மூடிய காலத்தில் சில வீடுகளுக்குக் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்கு அதோடு வாரம் ஒரு முறை சாதாரணப் போனில் கூப்பிட்டு, பெற்றோரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் போலக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. போன் பேசிய வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். டேப்லெட் இல்லை, இன்டர்நெட் இல்லை. ஒரு மனிதக் குரல்.

"இப்போதுதான் சாட்ஜிபிடி வந்துவிட்டதே, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிறதே" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் வந்த அந்தச் சாதனம் கேசட் மாதிரி இல்லை. நாம் சொல்வதைக் கேட்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைப் பரிசோதித்தார்கள். பயிற்சியின்போது அதை வைத்துக்கொண்டவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அது இல்லாமலே படித்தவர்களை விட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படியும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்புகளை ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும் அமைத்த இன்னொரு வகையில் அந்த நஷ்டம் பெரும்பாலும் ஏற்படவில்லை. விடை சொல்லுவது வேறு, திருத்துவது வேறு என்று இதில் தெரிகிறது. இயந்திரத்துக்கும் அந்த வித்தையை ஓர் ஆசிரியர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி நம் தீர்மானத்துக்கு வருகிறேன். அதை நிராகரிக்கச் சொல்லவில்லை. சில திருத்தங்களோடு நிறைவேற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. இருபத்தைந்து டேப்லெட்டுக்குப் பதில் இந்த வருஷம் பத்து வாங்குவோம். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியை இரண்டு வருஷ ரீசார்ஜுக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்குவோம். ஓடாத டேப்லெட்டை விட ஓடுகிற சாதாரணப் போன் மேல்.

இரண்டு. ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரிலும் ஓர் அங்கத்தினரின் பெயர் எழுதப்பட வேண்டும். அவர் வாரம் இரண்டு முறை, இருபது நிமிஷம், பெற்றோரின் போனில், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிட வேண்டும். அந்த வாரத்துக் கணக்கையோ வாசிப்பையோ குழந்தை சொல்ல, இவர் கேட்க வேண்டும். பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும். அங்கத்தினர் பெயர் கிடைக்காத குழந்தைக்கு, கிடைக்கும் வரை டேப்லெட் காத்திருக்கட்டும்.

மூன்று. பிள்ளை எந்த ஸமூகத்துப் பிள்ளையானாலும் சரி, தேவையும் ஆர்வமும் மட்டுமே தகுதியாக இருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியரிடம் முதலில் பேசி, எங்கே தடுமாற்றம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குப் போட்டியாக நாம் போகவில்லை. அவருடைய கைக்கு உதவியாகப் போகிறோம்.

நான்கு. தொடங்கும் நாளில் பத்துக் கணக்கும் ஒரு பத்தி வாசிப்பும் வைத்துக் குறித்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து அதே தரத்தில் மறுபடியும் வைப்போம். டேப்லெட் வழங்கும் புகைப்படத்தோடு அந்த இரண்டு எண்களையும் இதே பத்திரிகையில் பிரசுரிப்போம். முன்னேற்றம் இல்லையென்றால் அதையும் பிரசுரிப்போம். நிதி கொடுத்தவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய கணக்கு அது.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களில் எத்தனையோ பேர் வங்கியிலும் ரயில்வேயிலும் தபால் துறையிலும் நாற்பது வருஷம் எண்களோடு வாழ்ந்தவர்கள். எத்தனையோ மாமிகள் தமிழோ ஆங்கிலமோ பிழையில்லாமல் எழுதுகிறவர்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். காசோலை அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். நாக்பூரிலிருந்து மைசூருவுக்குப் போன் பேச இப்போது தனிச் செலவு கிடையாது. வித்யாதானம் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் தானமாகக் கொடுக்க வேண்டியது வித்யையை. பெட்டியை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

விருப்பமுள்ளவர்கள் இன்று வெளியே போகும்போது வாசல் மேஜையில் இருக்கும் நோட்டில், பெயர், பாடம், வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். வெளியூர் அங்கத்தினர்கள் தங்கள் கிளைச் செயலாளரிடம் சொன்னால் போதும். முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். பாடம் கணக்கு, செவ்வாயும் வெள்ளியும், மாலை ஐந்து மணி.